இரும்புப் பங்கு

ழூரா மலையின் நிலவறையில் எட்டுப் பாகைக் குளிர்.
உப்புநீர்த் துணியால் சீஸ் சக்கரங்களின்
தோலைத் துடைக்கிறாள் சொலேன்.
இன்றைக்கு இருநூறு.

அந்தத் தோலில் இரும்புப் பஞ்சம்.
பாலில் இருந்த கொஞ்சத்தையும் புரதம் பூட்டிக்கொண்டது.
ஒரு பாக்டீரியா வயிற்றைக் கட்டி
மூலக்கூறு ஒன்று செய்து வெளியே விடுகிறது,
இரும்பைக் கவ்வி வர.
கயிறில்லாத தூண்டில்.
திரும்பும் வழியில் எவன் வாசல் திறந்திருக்கிறதோ
அவனுக்கு மீன்.

பக்கத்தில் இருப்பவன் எதையும் செய்வதில்லை.
அந்தத் தூண்டிலுக்கு அளவெடுத்த வாசல் மட்டும்
வைத்திருக்கிறான்.
ஊரார் வீட்டு நெய்.

சற்றுத் தள்ளி ஒருவன் நஞ்சு கசிய
சுற்றிலும் ஆளில்லாத வட்டம்,
சட்டைப் பொத்தான் அகலத்துக்கு.
துணி அதன்மேலும் போகிறது.

மாலை, மேலே சங்கக் கூட்டம்.
பதினோரு பண்ணை, ஒரே கொப்பரை.
ஆர்மோன் க்ரோபெரன் பாலில் தண்ணீர்,
மூன்றாம் முறை.
போன பனியில் சொலேன் வீட்டுக்குப் பாதை வெட்டியது
அவர் டிராக்டர்தான்.

கீழே யாரும் கூட்டம் போடுவதில்லை.
ஆளுக்கொரு துளி சமிக்ஞை கசியவிட்டு,
அக்கம்பக்கம் அது கெட்டியாகும்வரை பொறுத்து,
போதும் நாம் என்று தெரிந்த இரவில்
ஒன்றாய்த் தொடங்குகிறார்கள்,
நெய் தின்றவனும் கூடவே.

விலக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம்.
இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகாத வாடை.
சொலேன் கை முகம்வரை எழும்புகிறது.
தூக்குகிறாளா, மோந்து பார்க்கிறாளா?
எண்ணுகிறவர் பென்சிலோடு நிற்கிறார்.