தூசி

பள்ளத்தூரிலிருந்து போன்.
"அப்பச்சி கார். மூணு வருஷமா எந்திரிக்கல.
வாங்குறவர் நாலு மணிக்கு வர்றார்.
ஓடினா ஒரு விலை, ஓடாட்டி இரும்பு விலை."

புதுவயலிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியில் போனேன்,
காலிடுக்கில் பேட்டரி, முதுகில் பெட்டி.

பின்கட்டுக்கு அப்பால் தகர ஷெட்டில் ஆஸ்டின்.
ஒரு காருக்கு மூன்று பங்கு:
சாத்தப்பன், கோயம்புத்தூர்.
லெட்சுமணன், ஈப்போ.
அழகம்மை, இதே வீடு.
தம்பிகள் அவரை ஆச்சி என்றார்கள்,
இங்கே அக்காவுக்கு அதுதான் பெயர்.
கூட்டுறவு வங்கிக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தார்,
அடையாள அட்டை இன்னும் கழுத்தில்.

பெட்ரோல்தான் என்றார் சாத்தப்பன்.
காயில் போயிருக்கும் என்றார் லெட்சுமணன்,
விமானத்தில் வரும்போதே வீடியோ பார்த்திருக்கிறார்.
அழகம்மை ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஆட்களிடம் கேட்பதில்லை.
வண்டியிடம் கேட்பேன்,
ஒரு நேரத்தில் ஒரே கேள்வி.

இந்த வண்டிக்குப் பாசிட்டிவ்தான் எர்த்.
இப்போதைய வண்டிப் பழக்கத்தில் கை நீளும்,
கையை அடக்கி மாற்றி மாட்டினேன்.
ஹெட்லைட் எரிந்தது.
செல்ஃப் அடித்தேன்: சுற்றுகிறது,
உரலில் மாவு இறுகியதுபோல் கனத்து, ஆனால் சுற்றுகிறது.
டேங்கில் இருந்தது பெட்ரோல் இல்லை, வார்னிஷ் வாடை.
வடித்துவிட்டு, ஒரு பாட்டில் புதுசை
நேராகக் கார்பரேட்டருக்கு.
நனைகிறது. பிடிக்கவில்லை.

அப்படியானால் நெருப்பு.

பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் கிடத்தி
மறுபடி சுற்றினேன். இருட்டு.
நாலும் இருட்டு.
காயிலிலிருந்து வரும் நடு வயரை உருவி
இரும்புக்கு நெல்மணி தூரத்தில் பிடித்தேன்.
டிக்.
டிக்.
நீலம், நல்ல நீலம்.
காயில் இருக்கிறது, பாயிண்ட் திறந்து மூடுகிறது,
கண்டன்சரைச் சந்தேகிக்க வேண்டாம்.
காயில் வரை வந்த நெருப்பு
பிளக்குக்குப் போய்ச் சேரவில்லை.
இடையில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு மூடி.

தம்பிகள் வாசலில், போனில் விலையோடு.
இரண்டு கிளிப்பையும் நெம்பினேன்.
டக். டக்.
ஷெட் கதவோரம் நின்ற அழகம்மை
உள்ளே போனார்.

மூடியைத் தூக்கினால்
நடுவில் தண்டு மட்டும், மொட்டையாய்.
ரோட்டார் இல்லை.
தானாக உதிராது அது.
எலி தின்னாது.

பெட்டியில் அம்பாசிடர் ரோட்டார் ஒன்று கிடந்தது.
சேரலாம், சேராமலும் போகலாம்.
எடுக்கவில்லை.
மூடியைக் கையில் வைத்துக்கொண்டு
வேர்வையைத் துடைத்தேன்.

காப்பி வந்தது.
டம்ளரைத் தூக்கினேன். டபராவில்,
சிந்திய காப்பியில் ஒரு ஓரம் நனைந்து,
ரோட்டார்.

எரிந்த ரோட்டார் ஆயிரம் பார்த்திருக்கிறேன்,
முனை கறுத்து, குழி விழுந்து.
இதன் பித்தளை பளபளவென்று இருந்தது.
தீப்பொறி தேய்த்த தேய்மானம் இல்லை இது.
கட்டைவிரல்.

"அவங்க கேட்டா
கார்பரேட்டர்ல தூசின்னு சொல்லுங்க."

ஏன் என்று கேட்க வாய் வந்தது.
காப்பியைக் குடித்தேன்.

துடைத்து, தண்டில் வைத்து அமுக்கி,
மூடி, கிளிப், பிளக், வயர்.
மூன்றாவது சுற்றில் இருமியது.
நாலாவதில் பிடித்தது.
ஷெட் தகரமெல்லாம் நடுங்க,
வெள்ளைப் புகையில் தம்பிகள் ஓடிவந்தார்கள்.
"என்ன கோளாறு?"
"தூசி."
"நான் சொன்னேன்ல, பெட்ரோல் பக்கந்தான்னு."

அழகம்மை டம்ளரையும் டபராவையும் எடுத்துக்கொண்டார்.
வலது கட்டைவிரல்
டபராவின் விளிம்பில் போய்ப்போய் வந்தது.

நாலேகாலுக்கு லாரி வந்தது.
அது தேவைப்படவில்லை என்றார்கள்.

எனக்கு ஒரு நோட்டு உண்டு.
வண்டி, கோளாறு, கூலி.
யாருக்கும் காட்டாத நோட்டு, அதனால்
பில்லில் என்ன எழுதினாலும் அதில் நிஜம்தான் எழுதுவேன்.
இருபத்திரண்டு வருஷம்.

அன்றிரவு எழுதினேன்:
ஆஸ்டின், பள்ளத்தூர்.
தூசி.
ஐநூறு.