ஆறரை மணி பஸ்

பன்னிரண்டாம் மாடிக்குத் தேனீ வராது.
வந்த ஒன்றிரண்டும்
போன வாரம் அடித்த டிங்கிப் புகையோடு சரி.

பீர்க்கு பொழுது சாயத்தான் பூக்கும்.
எனக்கோ ஆறரைக்கு
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்.

இன்று ஒரு பெண்பூ,
விரல்நீளப் பிஞ்சைப் பின்னால் ஒட்டிக்கொண்டு.
ஆண்பூ ஒன்றுகூட இல்லை,
மூன்று நாள் மழையில் மொட்டெல்லாம் அழுகல்.

எட்டிப் பார்த்தேன்.
ஒன்பதாம் மாடியில் ரொஹானா வீட்டுக் கம்பியில்
மஞ்சளாய் ஒன்று.
லிஃப்ட் வழக்கம்போல் படுத்துவிட்டது.
சீருடையோடு படியிறங்கிக் கதவைத் தட்டினேன்.
அவசரத்தில் மலாய் இப்படித்தான் வந்தது:
"உங்கள் வீட்டு மாப்பிள்ளை ஒருவர் வேண்டும்."
அவள் திரும்பி
சோபாவில் கிடந்த மகனைப் பார்த்தாள்.

பிறகு சிரித்துச் சிரித்து
"ஓ, பெத்தோலா!" என்று
காம்போடு கிள்ளித் தந்தாள்.

மகரந்தம் உதிராமல் உள்ளங்கையில் மூடி
மூன்று மாடி.
இதழ்களைப் பின்னுக்கு மடக்கி,
மைக்ரோஸ்கோப்பின் கீழ்
மயிரிழைத் தங்கக்கம்பி ஒட்டும் இந்தக் கையால்
ஒற்றினேன், ஒருமுறை, இன்னொருமுறை.

கீழே பஸ் ஹாரன் அடித்து, போயும்விட்டது.

சூப்பர்வைசருக்குத் தட்டினேன்:
வீட்டில் திடீர்க் கல்யாணம்.

பெண்ணுக்குப் பிடித்ததா என்று
மூன்று நாளில் தெரியும்.