ஸ்டே கம்பி

பதினோராயிரம் வோல்ட் லைனுக்கு அடியில்
யாரோ கம்பம் நிறுத்துகிறார்கள் என்று
பள்ளத்தூர் ஆபீசுக்குப் போன் வந்தது.
திட்டுவதற்குத்தான் போனேன்.

மூடிக் கிடந்த அரிசி மில்லின் நெல் களத்தில்
டிரெய்லர் மேல் ஒரு படகு.
கடலுக்கு இங்கிருந்து பஸ்ஸில் போனாலே அரை நாள்.
அலுமினியப் பாய்மரம் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தது,
இருபத்தாறு அடி.
லைனை அண்ணாந்து பார்த்தேன்,
மரத்தைக் குனிந்து பார்த்தேன்.
"உயிரோடு இருக்க ஆசையென்றால் தள்ளி நிறுத்துங்கள்."
அடைக்கம்மை மறுபேச்சுப் பேசவில்லை.
பினாங்கில் பல் டாக்டராம்,
விடுப்பில் வந்தவர் பாண்டிச்சேரியில் பழைய படகு வாங்கியிருக்கிறார்.
நானும் வாட்ச்மேன் செபஸ்தியானும்
நாற்பது எட்டு தள்ளினோம்.

அப்போதே கிளம்பியிருக்கலாம்.
அவர் ஒரு கம்பிச் சுருளைத் தூக்கி
"இது பின் ஸ்டே" என்றார்.

ஸ்டே!
பத்தொன்பது வருஷமாய் என் வாயில் கிடக்கும் சொல்.
லைன் இழுக்கும் திசைக்கு எதிரே
மண்ணில் புதைத்த கல்லோடு கட்டுவோமே,
ஆடுகள் முதுகு சொறியும் அந்தக் கம்பி.
வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.

மேல் முனையை மரம் படுத்திருக்கும்போதே மாட்டிவிட வேண்டும்.
மாட்டினேன்.
மூன்று பேரும் தூக்க, நிமிர்ந்தது.
முன் கம்பி மூக்கில், அதற்கு அணியம் என்று பேர்.
பக்கக் கம்பிகள் விலாவில்.
பின் கம்பி எங்கே என்று பார்த்தால்
இடப்பக்கக் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு
ஒன்றும் தெரியாததுபோல் தொங்குகிறது.
மறுபடி படுக்கவைத்தோம்.
தப்பு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.
என்னுடையது.

இரண்டாம் தடவை
கீழ் முனை அமரத்துக்கு ஒழுங்காய் வந்தது.
நடுவில் டர்ன்பக்கிள்,
இரு பக்கமும் எதிரெதிர் மரை.
எங்கள் ஸ்டோரில் இருக்கிற சாமான்தான்,
இது கொஞ்சம் நகைக்கடை மெருகு.
என் வழக்கப்படி இறுக்கினேன்.
"போதும், போதும்" என்று கையைப் பிடித்தார்.
"இதற்கு மண் கிடையாது."

ஸ்பேனரோடு நின்றுவிட்டேன்.
என் கம்பத்தின் இழுப்பெல்லாம் கல்லுக்குள் போய் அடங்கும்.
இங்கே
பின் கம்பி மரத்தை இழுக்கிறது,
மரம் முன் கம்பியை இழுக்கிறது,
மூக்கும் வாலும் மேலே வளையப் பார்க்க
மரத்தின் அடி நடுவயிற்றை அமுக்குகிறது.
கோபத்தை அடக்குகிறவள்
தன் கையைத் தானே பிடித்துக்கொள்வதுபோல்.

அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.
முன் கம்பி தொய்ந்தது.
கால் சுற்று இறுக்கினேன்.
அவர் மரத்தடியில் கன்னம் வைத்து
ஒற்றைக் கண்ணால் உச்சியைப் பார்த்தார்,
கடைவாய்ப் பல் பார்ப்பதுபோல்.
"காற்று கம்மியென்றால் பாய்க்குத் தொந்தி வேண்டும், தளர்த்தணும்.
ஓங்கினால் தொந்தி ஆகாது, இறுக்கணும்."
"சரியான இறுக்கம் எது?"
"எந்தக் காற்றுக்கு?"

எங்கள் கையேட்டில் இந்தக் கேள்வி இல்லை.

ஐந்தரைக்குக் கண்மாய்ப் பக்கமிருந்து காற்று வந்தது.
கம்பி முனகியது.
தூரத்தில் என் லைனும்.
இரண்டுக்கும் சுதி சேரவில்லை.

ராத்திரி, ரசத்துக்குக் கை நீட்டும்போது நினைவு வந்தது:
டர்ன்பக்கிளில் ஸ்பிளிட் பின் சொருகினேன்,
அதன் காலை விரித்தேனா?
விரிக்காத பின் உதிரும்.
உதிர்ந்தால் மரை தானாய்க் கழலும்.
காலையில் படகைக் கண்மாயில் இறக்குகிறார்.

"எங்கே ஃபால்ட்டு?" என்றாள் மனைவி.
"பள்ளத்தூரில்" என்றேன். பொய்யில்லை.

மில் கேட் பூட்டியிருந்தது.
சுவரேறிக் குதித்து டார்ச் அடித்தேன்.
பின்னின் இரு காலும் அளவாய் விரிந்திருக்க,
பாயைக் கிழிக்காதபடி
மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது.
என் டேப். களத்தில் விட்டுவிட்டுப் போனது.
நான் விரித்தேனா என்பது இனித் தெரியப்போவதில்லை.

மரையை எண்ணினேன்.
நான் வைத்த இடத்திலிருந்து
ஒன்றரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

நாளைக்குக் காற்று கம்மி போல.