காற்றுவாக்கில்

கயானி ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி,
செவித்திறன் சோதிக்கும் அறை.
கூரைக்கு மேலே தகரக் குழாய்க்குள்
தோள்வரை கையை நுழைத்துப் படுத்திருக்கிறேன்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
குழாயின் அடிவயிற்றில் ஒரு விசிறி:
பன்னிரண்டு இறக்கை,
நிமிடத்துக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு சுற்று.
ஆகவே நொடிக்கு நூற்றுப் பதினெட்டு முறை
ம்ம்ம் என்கிறது கட்டடம்,
எதைச் சொன்னாலும் ஆமோதிக்கிற
துணை மேலாளர் போல.

சொல்வதற்கு எளிய வேலைதான்.
தொடக்கத்தில் ஒரு மைக்.
வருகிற மேட்டை முன்கூட்டிக் கேட்டுச் சொல்லும்.
ஆறு மீட்டர் தள்ளி ஒரு ஸ்பீக்கர்.
மேடு வந்து சேரும் கணத்தில்
அதே அளவில் ஒரு பள்ளம் வைக்கும்.
இரண்டு ஓசை சேர்ந்து தட்டினால் மௌனம்.
பதினேழு மில்லி நொடிதான் அவகாசம்;
ஆற்றோடு போகும் படகல்லவா ஒலி,
காற்று தள்ளுகிற தள்ளையும்
கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

விசிறி மெதுவாக ஓடியவரை எல்லாம் சரி.
சோதனை நடத்தும் சைமி கர்ப்பினென்
தன் பேனாவைத் தானே மேசையில் வைத்துவிட்டு
அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டாள்.

முழு வேகம் வைத்தோம்.
நொடிக்கு ஒன்பது மீட்டர் காற்று.
ஸ்பீக்கர் உறுமத் தொடங்கியது.
அணைத்தால் பழைய ம்ம்ம்.
போட்டால் அதன்மேல் ஒரு புதுக் கடமுடா,
யாரோ மாடியில் பீரோவை நகர்த்துவது போல.

மூன்று இரவு.
மென்பொருளைத் திட்டினேன், மின்கம்பியைத் திட்டினேன்,
இந்தக் குழாயை வளைத்தவன் குலத்தையே திட்டினேன்.

நான்காம் இரவு புரிந்தது:
மைக்கின் முகத்தில் காற்று அறைகிறது.
அந்த அறை ஒலியல்ல.
ஒரு முழம் தாண்டினால் அது இல்லை.
மைக் பாவம், பொய் சொல்லவில்லை;
காற்றுவாக்கில் கேட்டதைச் சொல்கிறது.
ஸ்பீக்கரோ மிக ஒழுங்கான ஊழியன்.
இல்லாத மேட்டுக்கு
இருக்கிற பள்ளத்தை வெட்டிக்கொண்டே இருந்தது.

மறுப்பு அறிக்கையிலிருந்தே
வதந்தி பிறந்த ஊரை நான் பார்த்திருக்கிறேன்.

மைக்கைக் கீறல் வெட்டிய குழலுக்குள் செருகி
மெல்லிய துணி சுற்றினேன்.
சைமி அதைக் கம்பளிச் சட்டை என்றாள்.
சற்றுத் தள்ளி இன்னொன்றையும் வைத்தேன்.
இருவரும் கேட்டால் ஒலி.
ஒருவர் மட்டும் கேட்டால் காற்று;
கேட்டவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும்
கணக்கில் எடுக்காதே.
விதி அவ்வளவுதான்.
ம்ம்ம் போயிற்று.
கடமுடாவும் போயிற்று.

காலையில் முதல் ஆள் ஆர்வி மொய்லனென்,
முப்பத்தொரு வருஷம் மர ஆலையில் வட்டரம்பம்.
காதில் கருவி, கையில் பொத்தான்.
அழுத்தினார்.
"இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை, ஆர்வி."
மறுபடி அழுத்தினார்.
"தெரியும்," என்றார், "ஆனாலும் கேட்கிறதே."

பிறகு கூரையைப் பார்த்துக் கேட்டார்:
"இங்கே ஒன்று ஓடிக்கொண்டிருக்குமே, எங்கே அது?
போன தடவை அது இருந்தது.
அதற்கடியில் இது இவ்வளவு தெரியவில்லை."

ஏணியின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.
அவர் தலைக்குள் இரண்டாவது மைக் வைக்க
எனக்கு இடமில்லை.
என் விதிப்படி அவர் கேட்பது காற்று.

சோதனை முடிந்தது.
சைமி தாளை மடித்தாள், ஒன்றும் சொல்லவில்லை,
என்னைப் பார்த்தாள்.
நான் பெட்டியின் சுவிட்சைக் கீழே தள்ளினேன்.

ம்ம்ம் என்றது கட்டடம்.

ஆர்வி குனிந்து
பனிக்காலணியின் நாடாவைக் கட்டினார்.
கட்டியதை அவிழ்த்தார்.
மறுபடி, முதல் துளையிலிருந்து,
நிதானமாகக் கோக்கத் தொடங்கினார்.