தேய்ந்த புள்ளி

பக்கத் திரையிலிருந்து நாற்காலிவரை
பதினான்கு எட்டு.
இருபத்திரண்டு வருடம் என் முழங்கையைப் பிடித்து
ஒலிந்தா க்வெய்ரோஷ் அதை நடந்தார்.
பியானோவின் விளிம்பு கையில் பட்டதும்
என்னை விட்டுவிடுவார்.
அதற்குமேல் நான் எதற்கு?

போர்ட்டோ நகரத்தில் இந்த அரங்குக்கு
நான் மேடைக்காரன். இசை படித்தவன் அல்ல.
திரைக்குப் பின்னால் நின்று நின்றே
எனக்கும் கொஞ்சம் காது முளைத்தது.

மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில்
அவருடைய அம்மாவுக்கு வேலை.
பார்வையற்றோர் பள்ளியில் இரண்டு தொழில்தான் சொன்னார்கள்:
நாற்காலிக்குப் பிரம்பு பின்னு,
இல்லையென்றால் பியானோவுக்குச் சுருதி கூட்டு.
சுருதி கூட்டப் போனவர்
வேலை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.
"அந்த வீட்டில் சாப்பாட்டு மணி அடித்தும்
வாசித்துக்கொண்டே இருந்தேன்.
கூலியில் பாதியை வெட்டினார்கள்" என்பார்,
ஏதோ பரிசு வாங்கியதுபோல.

இசைக்குறிப்பைப் படிக்கும் விதத்தை ஒருநாள் காட்டினார்.
தடித்த தாளில் புள்ளிகள்.
இடது கை தடவ, வலது கை வாசிக்கும்.
பிறகு வலது கை தடவ, இடது கை வாசிக்கும்.
இரண்டும் ஒன்றாக ஒலிப்பது
தாளை மூடிய பிறகுதான்.
"உங்களுக்கெல்லாம் அது எதிரில் நிற்கும்.
எனக்கு, விழுங்கிய மருந்து."

லியோன், கிராகோவ், புயெனோஸ் ஐரெஸ்.
எந்த ஊர்ப் பத்திரிகையிலும் ஒரே சொல்: இருந்தும்.
பார்வை இல்லாமல் இருந்தும்.
கத்தரித்த தாள்களை நான் படித்துக் காட்டுவேன்.
அந்தச் சொல் வரும்போதெல்லாம்
விரலால் மேசையைத் தட்டுவார்.
ஒரு மாலையில் பதினேழு தட்டு எண்ணினேன்.

அறுபத்து மூன்றாம் வயதில் ஓர் ஒத்திகை.
கிளாரினெட் வாசிக்கும் இரெனேயு
இடைவேளையில் தயங்கித் தயங்கி வந்தான்:
"மன்னிக்கணும். மெதுவான பகுதியில்
நீங்கள் ஸோல் தொடும் இடத்தில்
என் தாளில் ஃபா இருக்கிறது."

இருபத்தொன்பது வருடம்.
இரண்டு இசைத்தட்டு.
அது அவருடைய பாணி என்று
எல்லாரும் நினைத்திருந்தோம்.
ஒரு பேராசிரியர் அந்த ஸோலைப் பற்றிக்
கட்டுரையே எழுதியிருந்தார்.

அன்றிரவு வீட்டில் கொண்டுவிடப் போனேன்.
அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து
லிஸ்பன் நூலகம் எப்போதோ கடன் தந்த நூலை எடுத்தார்.
பக்கம் பக்கமாகப் போய்ச்
சுட்டுவிரல் ஓரிடத்தில் நின்றது.
"ஃபாவுக்கு நான்கு புள்ளி. ஸோலுக்கு மூன்று.
ஒன்று தேய்ந்துபோயிருக்கிறது. தொட்டுப் பார்."
தொட்டேன். எனக்கு எல்லாமே மணல்தான்.

"எனக்கு முன்னால் யாரோ
இந்த இடத்தைத் தாண்ட முடியாமல்
திரும்பத் திரும்பத் தடவியிருக்கிறார்கள்.
பெயர் தெரியாது. விரல் தெரிகிறது.
அழுத்தமான விரல்."
குரலில் கோபம் இல்லை.
பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்து
இறங்கிப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல.

சனிக்கிழமை கச்சேரி. பதினான்கு எட்டு.
திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றேன்.
அந்த இடம் வந்தது.
ஃபா.
சரியான சுரம்தான்;
என் காதில் முள்ளாகத் தைத்தது.
மூன்றாம் வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார்.

திங்கட்கிழமை செய்தித்தாளில் நிறையப் புகழ்ச்சி.
நடுவில் ஒரு வரி:
மெதுவான பகுதியில் மட்டும்
வயதின் சிறு தடுமாற்றம்.
அதை விட்டுவிட்டுப் படித்தேன்.
"ஒரு வரியைத் தாண்டிவிட்டாய்," என்றார்.
"மூச்சு இடம் மாறியது."
படித்தேன்.
கையிலிருந்த காப்பிக் கோப்பை தளும்பும் அளவுக்குச் சிரித்தார்.

பிறகு அந்தப் பக்கத்தைக் குப்புறப் போட்டு
மழுங்கிய ஊசியால் பின்னாலிருந்து
ஒரே ஒரு குத்து.
புரட்டி, விரல் வைத்துப் பார்த்தார்.
இன்னொரு முறை பார்த்தார்.
நூலை என்னிடம் நீட்டினார்:
"லிஸ்பனுக்குத் திருப்பி அனுப்பிவிடு.
அபராதம் எவ்வளவு கேட்டாலும்
பேரம் பேசாதே."