முப்பத்தேழும் முப்பத்தெட்டும்

சம்பளம் விழுந்த மறுநாள், சனிக்கிழமை.
கல்முனை பஸ்ஸில் ஏறி
காத்தான்குடியில் இறங்கினோம்
நானும் ஜெஸீமாவும்.
வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று,
பிரஷர் குக்கருக்கு றப்பர் வளையம்.
தெருவுக்கு நடுவே பேரீச்சை மரங்கள்
குலைகளை வலைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றன
அவையும் கடைக்கு வந்தவை போல.

முதல் கடையில் வளையம் பெரிது.
அடுத்ததில் சிறிது.
மூன்றாவது கடைக்காரர் எழும்பவேயில்லை.
"குக்கரக் கொண்டு வரல்லியா?" என்றார்
பிள்ளை இல்லாமல் பிள்ளையின் காய்ச்சலுக்கு
மருந்து கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல.

அதற்குள் ஜெஸீமா
இரண்டு தலையணை உறை,
ஒரு தேயிலை வடி,
மகனுக்கு வெளிச்சம் எரியும் பம்பரம்,
தேவையே இல்லாத ஒரு நீலக் கூடை
எல்லாம் வாங்கி
எல்லாவற்றையும் கூடைக்குள் போட்டு
"இப்ப தேவை வந்திட்டே" என்றாள்.

சந்தியில், தறப்பாளுக்குக் கீழே, செருப்புக் குவியல்.
"எது எடுத்தாலும் தொளாயிரத்தி அம்பது!
எடுங்க ராத்தா, எடுங்க அக்கா!"
உடுப்பைப் பார்த்து உறவு பிரித்தான் நிப்றாஸ்.
பேர், அவன் ரீசேட்டில் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும்.
எனக்கு இடது கால், வலதை விட
ஒரு நகமளவு நீளம்.
நாற்பத்தொரு வருஷமாக
இடது கடிக்கும், அல்லது வலது கழரும்.
அவர் நினைத்திருப்பது நான் ஆறுதலாக நடப்பவள் என்று.
பதினொரு வருஷம் அடுத்தடுத்த மேசை,
ஜெஸீமாவுக்கும் தெரியாது.

குவியலின் அடியில் தவிட்டு நிறத்தில் ஒரு சோடி.
போட்டேன்.
இரண்டு காலும்
சத்தம் போடாமல் உள்ளே போயின.

திருப்பிப் பார்த்தான் நிப்றாஸ்.
இடது முப்பத்தெட்டு. வலது முப்பத்தேழு.
"ஐயோ அக்கா, சோடி மாறிட்டு.
வைங்க, வேற தாறன்."
நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.
"மாறினத்த ஆர் தம்பி வாங்குவா?
அறுநூறுக்குத் தாங்க, எடுக்கிறன்."
அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று
எனக்கே தெரியவில்லை.
பாவம், நன்றி வேறு சொன்னான்.

கொத்துக் கடையில் கதைப்பதென்றால்
தகரக் கத்தி இரண்டுக்கும் நடுவில் கதைக்க வேண்டும்.
அவளுக்கு மாடு, எனக்குக் கோழி.
ஊற்றிக்கொள்ளக் கிண்ணம் ஒன்றுதான் வந்தது.
நான் கறி என்றேன், அவள் ஆணம் என்றாள்,
முடிந்துவிட்டது.

கால் விஷயத்தை அங்கேதான் சொன்னேன்.
"என்னகா?" என்றாள்.
திரும்பச் சொன்னேன்.
"என்ன?"
"என்ட இடது கால் பெரிசு!"
கொத்து, சரியாக அந்த இடத்தில் நின்றது.

பக்கத்து மேசைக்காரர்
மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்,
பிறகு மேசைக்குக் கீழே பார்த்தார்.
கை துடைக்க வைத்த கடதாசியில் நான் முகம் புதைத்தேன்.
யாரோ பிள்ளையின் கணக்குக் கொப்பி, நாலாக வெட்டியது:
நானூற்றி மூன்றில் ஐம்பத்தேழு போக
முந்நூற்றி நாற்பத்தாறு.
சிவப்புப் பேனையால் பிழை போட்டிருந்தது.
இரண்டு தரம் கழித்துப் பார்த்தேன்.
பிள்ளைதான் சரி.

ஜெஸீமா சிரிக்கவில்லை.
குனிந்து என் காலைப் பார்த்தாள்,
நிமிர்ந்து ஒரு வாய் கொத்துச் சாப்பிட்டாள்.
"அப்ப மத்தச் சோடி?"

அதை நான் யோசிக்கவில்லை.
இடது முப்பத்தேழு, வலது முப்பத்தெட்டு.
யாரோ ஒருத்தி கொண்டுபோயிருக்கிறாள்.
வீட்டில் போட்டுப் பார்த்து
நிப்றாஸை ஏசிக்கொண்டிருக்கலாம்.
அல்லது அவளும்
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு
அறுநூறுக்குக் கேட்டிருக்கலாம்.
"ஐந்நூறுக்கு எடுத்திருப்பாள்" என்றாள் ஜெஸீமா.

ஃபலூடா குடித்தோம்.
பஸ் ஏறி இருந்த பிறகுதான்
றப்பர் வளையம் ஞாபகம் வந்தது.
நாவற்குடாவில் நாலு பேர் ஏறினார்கள்,
கல்லடியில் இன்னும் கொஞ்சம்.
பாலம் தாண்டும் வரைக்கும்
ஏறின பெண்களில் ஒருத்தியின் முகமும்
நான் பார்க்கவில்லை.