நானூற்று நாற்பத்தொன்று

டிஸ்க் தொண்ணூற்றாறு விழுக்காடு நிரம்பிவிட்டது.
மணி இரண்டரை. அக்குரேரியில் பனி நேராக விழாமல்
பக்கவாட்டில் பெய்கிறது.
மீன் ஏலக் கம்பெனியின் இரண்டாம் மாடியில்
நானும், நிற்கத் தெரியாத மின்விசிறிகளும்.

லாக் கோப்புகள் நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து
அறுநூற்று எண்பத்தெட்டு வரை.
நடந்ததெல்லாம் நடந்த வரிசையில்:
இந்தப் படகு, இவ்வளவு கிலோ காட் மீன், இன்ன விலை.
அரைமணி கழித்து,
காட் இல்லை, ஹாடக்.
விற்பனைப் பட்டியலைத் திறந்தால் ஹாடக் மட்டுமே தெரியும்,
பிடிபட்டதிலிருந்தே ஹாடக் போல.
தப்பு தங்கியிருப்பது இங்கே மட்டும்தான்.
நகல் சர்வர்களுக்கு இரண்டும் வேண்டும்,
முதலில் தப்பு, பிறகு திருத்தம்.

கை துறுதுறுக்கிறது.
மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் ஓட்டார்
கோப்புகளைக் கையாலேயே அழித்தான்.
பெயர்ப்பட்டியலில் பெயர் இருந்தது, ஆள் இல்லை.
மறுநாள் எழுந்த சர்வர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு
பதில் வராத இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.
அன்றைய ஏலம் சாக்பீஸில் நடந்தது.

ஆகவே கேட்கிறேன்.
ஹுசாவிக், எதுவரை படித்தாய்?
அறுநூற்று எண்பத்தெட்டு, கடைசி வரி.
இசாஃபியோர்துர்?
அறுநூற்று எழுபத்தொன்று. மலையைச் சுற்றி வரும் கம்பி,
அது எப்போதும் கொஞ்சம் பின்னால்தான்.
சரி, அறுநூற்று எழுபது வரை போகட்டும்.
கட்டளையைத் தட்டியாயிற்று, எண்டர் மட்டும் பாக்கி.

மொத்தம் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை.
நானே கேட்டுக்கொண்டேன்.
இணைந்திருப்பவர்களின் பட்டியல்
இணைந்திருப்பவர்களை மட்டும்தான் சொல்லும்.

கிரிம்சே.

தீவில் தோர்கில்ஸ் மூன்றாம் முறை அடித்தபோதுதான் எடுத்தார்.
"ஸ்டெயின்வோர், இந்நேரத்திலா? எந்தப் பெட்டி?"
"ஐஸ் அறைக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு எரியுமே."
பூட்ஸ் சத்தம். கதவு. காற்று.
நெடுநேரம் காற்று.
"விளக்கைக் காணோம். பிளக்கில்
தூண்டில் இரை ஃப்ரீசரை மாட்டியிருக்கிறது."
"எப்போதிலிருந்து?"
"போன வாரம். இல்லையில்லை, அதற்கும் முந்தின செவ்வாய்."

மாற்றி மாட்டினார். பெட்டி முனகி எழுந்து
விட்ட இடத்தைச் சொன்னது:
நானூற்று நாற்பத்தொன்று.

எண்ணைத் திருத்தினேன், நானூற்று நாற்பது வரை.
எண்டர்.
இருபத்தொன்பது கோப்புகள் போயின,
பட்டியலில் பெயரும் அடிபட்டது.
தொண்ணூறு விழுக்காடு. இவ்வளவுதான் இன்றைக்கு.

தீவு படிக்கத் தொடங்கிவிட்டது,
ஒன்பது நாள் மீனை விற்ற வரிசையிலேயே.
காட் என்று எழுதிக்கொள்கிறது.
இன்னும் அரைமணி வரலாறு போகட்டும்,
அதுவே ஹாடக் என்று மாற்றிக்கொள்ளும்.
நான் முந்திச் சொல்லக் கூடாது.

தோர்கில்ஸ் இன்னும் லைனில் இருக்கிறார்.
ஃப்ரீசரில் கானாங்கெளுத்தி உருக ஆரம்பித்துவிட்டதாம்.
எவ்வளவு நேரமாகும் என்கிறார்.
நாற்பத்தொன்பது என்கிறேன்.
நிமிஷமா?
இல்லை, நானூற்று நாற்பத்தொன்பது.